நாலு வாளித் தண்ணீர்

கிணற்றில் வாளி விழும் சத்தத்தை வைத்தே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என் மாமியார். 'தொப்' என்று விழுந்தால் கவலையில்லை. 'சளப்' என்றால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. காப்பித் தம்ளரும் கையுமாகக் கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். அத்தை ராட்டினக் கயிற்றைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி கடைசி உறையின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது.

"இனிமேல் இது கிணறு இல்லை. குழி" என்றார் அத்தை.

சொல்லிவிட்டு, குழியிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்று பார்க்க உடனே கயிற்றை மறுபடி இறக்கினார். அதுதான் அவர் சுபாவம்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. தோட்டம் என்றதும் வாசகிகள் பெரிதாக ஏதும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கொல்லையில் ஒரு தென்னை, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் ஒரு குண்டுமல்லிப் புதர், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மூன்று வாழைக் கன்றுகள், வாசல் கேட்டை ஒட்டி ஒரு பவழமல்லி. இவை தவிர, இருபது இருபத்தைந்து தொட்டிகள். தொட்டிகளில் பாதி குரோட்டன்ஸ். அவை என் கணவரின் உபயம். எதற்காகக் குரோட்டன்ஸ் வளர்க்கிறார்கள் என்பது இன்று வரை எனக்கு விளங்கவில்லை. பூக்காது, காய்க்காது, மணக்காது. கேட்டால், 'கலர்' என்பார்.

பவழமல்லியை வைத்தவர் என் மாமனார். 1988-ல் இந்த வீட்டை வாங்கியபோது கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் வைத்தாராம். அவர் காலமான பிறகும், ஆவணி பிறந்துவிட்டால் விடியற்காலையில் அந்த மரத்தடியில் ஒரு பழைய வேஷ்டியை விரித்து வைப்பது அத்தையின் வழக்கம். இரவெல்லாம் பூத்து, பொழுது விடிவதற்குள் அத்தனையும் உதிர்ந்துவிடும். கீழே விழுந்த பூவை எடுத்துப் பூஜைக்கு வைக்கலாம் என்று விதிவிலக்குப் பெற்ற பூ அது ஒன்றுதான். 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் எங்கள் முருங்கையை அடியோடு சாய்த்தது; பவழமல்லியின் ஒரு பெரிய கிளையையும் பிளந்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் மரம் ஒரு பக்கமாகத்தான் இருந்தது. அத்தைக்கு அதுவும் அழகாகத்தான் தெரிந்தது.

*

நான் ஒரு வாரப் பத்திரிகையில் உத்தியோகம் பார்க்கிறவள். அந்தக் கோடையில் எனக்கு இட்ட வேலை, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுதுவது.

சென்னைக்கு வருஷத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஏழை ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதம் ஏமாற்றினால் அடுத்த வருஷம் முழுவதும் திண்டாட்டம்தான். 2018-ல் அதுதான் நடந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. தை பிறந்தது, மாசி போனது, பங்குனி போனது. ஒரு தூறல் கிடையாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் ஒவ்வொன்றாக வற்றி, ஜூன் மாதத்தில் நகரத்துக்குப் பயன்படாத நிலைக்கு வந்துவிட்டன. ஒரு நாளைக்கு 83 கோடி லிட்டர் வேண்டிய ஊருக்கு 52 கோடி லிட்டர் அளவில்தான் கொடுக்க முடிந்தது. அதுவும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும், வீராணம் ஏரியும், கல் குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரும் கைகொடுத்ததால்.

எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தியாகராய நகர். புடவைக் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அந்த இடத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி ஒன்று நீளமாகக் கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் அந்தப் பேட்டையை உண்டாக்கினார்கள். ஏரி இருந்த இடத்தில் பட்டுப் புடவை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று வருத்தப்படுகிறோம்.

பகலெல்லாம் இந்த விவரங்களைச் சேகரித்துவிட்டு வீடு திரும்பினால், கேட்டைத் திறக்கும்போதே செடிகள் என்னைப் பார்க்கும். பார்க்கும் என்றுதான் சொல்ல வேண்டும். வாடின செடியைத் தாண்டி உள்ளே போவது, பசித்த குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி இருக்கிறது.

*

கிணறு குழியாகிவிட்டதே தவிர, அடியோடு கைவிடவில்லை. இரவு முழுவதும் ஊறி, விடியற்காலையில் நாலு வாளி கொடுக்கும். ஐந்தாவது வாளியில் சேறு வரும். சற்று உப்புக் கரிக்கிற தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். தனியார் லாரிக்காரர் பொங்கலுக்கு 1,500 ரூபாய் கேட்டவர், சித்திரையில் 3,500 கேட்டார். கொடுத்தாலும் நாலு நாள் கழித்துத்தான் வருவார். ஆகையால் அந்த நாலு வாளிதான் தோட்டத்தின் வருமானம்.

வருமானம் குறைந்தால் பட்ஜெட் போட வேண்டுமல்லவா? ஒரு காகிதத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். முதல் வாளி எலுமிச்சைக்கு. இரண்டாவது கறிவேப்பிலைக்கு. மூன்றாவது பவழமல்லிக்கு. நாலாவதில் பாதி மல்லிக்கு, பாதி துளசிக்கும் ரோஜாத் தொட்டிகளுக்கும். தென்னைக்கும் வாழைக்கும் கிணற்றுத் தண்ணீர் இல்லை. அவற்றுக்கு வீட்டுக்குள்ளிருந்து வருகிற கழிவு நீர். குரோட்டன்ஸின் பெயர் பட்டியலிலேயே இல்லை. என் கணவர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஆபீசுக்குப் போனார்.

முதல் மாதம் நான் செய்த தவறுகளை எழுதினால் தனியாக ஒரு தொடர்கதை ஆகும். எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று தினமும் தெளித்தேன். பார்ப்பதற்கு மண் ஈரமாக இருந்தது. மனசுக்குத் திருப்தியாகவும் இருந்தது. ஒரு நாள் அத்தை ஒரு குச்சியை எடுத்து எலுமிச்சையடியில் குத்திக் காட்டினார். மேலே ஒரு அங்குலம் ஈரம். கீழே பொடி மண். மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேர் தண்ணீரைத் தேடி மேலே வந்துவிடும். மேலே வந்த வேரை மறுநாள் வெய்யில் வாட்டிவிடும். "அரை வாளி விடுவதும் ஒன்று, விடாமல் இருப்பதும் ஒன்று. விட்டால் முழுசாக விடு, இல்லாவிட்டால் அதற்கு ஆசை காட்டாதே" என்றார். அதன் பிறகு ஒரு மரத்துக்கு ஒரு முழு வாளி என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொரு தவறு, குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரத்திலிருந்து வெளியேறுகிற தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு விட்டது. வீணாகிற தண்ணீர்தானே என்று சமர்த்தாக வாளி வைத்துப் பிடித்தேன். ஆனால் யந்திரம் நமக்கு வேண்டாம் என்று பிரித்து ஒதுக்குகிற உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மூன்றே வாரத்தில் இலை நுனிகள் கருகி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதை வீடு மெழுகுவதற்கும் குளியலறை அலம்புவதற்கும் மாற்றிய பிறகே கறிவேப்பிலை தெளிந்தது. இதற்கு நேர் விரோதமானது, குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பே கிடையாது. சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஓர் இரவில் ஒரு சிறிய வாளி நிறையும். வானத்திலிருந்து வராத மழை படுக்கையறை ஜன்னல் வழியாக வருகிறது என்று என் கணவர் சொல்லிக்கொண்டார். தாம் இரவு முழுவதும் அதை ஓட விடுவது தோட்டத்துக்காகத்தான் என்றும் சொன்னார்.

அரிசி கழுவின தண்ணீர், காய்கறி அலம்பின தண்ணீர் எல்லாம் தென்னைக்கு. குளிக்கும்போது அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும் என்று சட்டம். அந்தத் தண்ணீர் வாழைக்கு. சோப்புத் தண்ணீரை வாழை பொறுத்துக்கொண்டது. என் ஆறு வயதுப் பையனுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. கால் கழுவுவது, வாய் கொப்பளிப்பது எல்லாவற்றையும் வாழையடியில்தான் செய்வேன் என்று பிடிவாதம். ஒரு நாள் விருந்தினராக வந்த என் பெரியம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இங்கேதான் கை கழுவணும் பாட்டி" என்று நிறுத்திவிட்டான்.

மூடாக்கும் போட்டோம். தேங்காய் உரிமட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி தென்னையைச் சுற்றிப் புதைத்தோம். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கொடுக்கும். எலுமிச்சைக்குப் பக்கத்தில், அடியில் துளையிட்டுத் திரி செருகின ஒரு பழைய மண்பானையைக் கழுத்து வரை புதைத்தோம். தொட்டிகளையெல்லாம் வடக்குச் சுவர் நிழலில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நெருக்கி வைத்தோம். ரயில் பெட்டியில் நெருக்கி உட்கார்ந்த ஜனங்கள் மாதிரி அவை ஒன்றுக்கொன்று நிழலாக இருந்தன.

எல்லாரும் வாடின அந்த மே மாதத்தில், பட்ஜெட்டில் அரை வாளி மட்டுமே வாங்கின குண்டுமல்லி வெடித்துப் பூத்தது! மல்லிக்கு வெய்யில்தான் சத்து போலிருக்கிறது. தினமும் சாயங்காலம் இரண்டு ஆழாக்கு மொட்டு. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் கொடுத்தும் மீந்தது. பூவை வாங்கிக்கொண்ட எதிர் வீட்டு அம்மாள், "உங்க கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது.

*

முகம் சிவந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வாரம்தான் நான், 'ஒரு சொட்டுக்கூட வீணாக்காதீர்கள்' என்று ஊருக்கு உபதேசம் செய்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வண்ண வண்ணக் குடங்கள் வரிசையாக வைத்திருக்கும் படம் ஒன்றும் அதோடு வந்திருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். ரயில் பாதையை ஒட்டினாற்போல் குடியிருக்கிறார். புருஷன், இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை லாரி வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் வரும். வீட்டுக்கு ஆறு குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, நாலு பேருக்கு, இரண்டு நாளைக்கு ஆறு குடம். லாரி வந்த மறுநாள் அக்காவின் கண் சிவந்திருக்கும்.

அப்படி ஒரு நாள் காலையில் அவர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். நான் மூன்றாவது வாளியைப் பவழமல்லியடியில் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா நின்றார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி முடிகிற வரை பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டிப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

அன்று இரவு அத்தையிடம் சொன்னேன். "ஜனங்கள் குடத்தோடு தெருவில் நிற்கிறார்கள். நாம் மரத்துக்கு ஊற்றுகிறோம். சரியாகத்தான் செய்கிறோமா?"

அத்தை மல்லிமொட்டைத் தொடுத்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "காலையில் விட்டால் பகல் வெய்யிலில் பாதி ஆவியாகிப் போகிறது. மூன்றாவது வாளியை மூடி வைத்துவிட்டுப் போ. சாயங்காலம் நான் விடுகிறேன்" என்றார். வாஸ்தவம்தானே என்று எனக்கும் பட்டது. மறுநாள் முதல் மூன்றாவது வாளியைத் தட்டு போட்டு மூடிக் கிணற்றடியில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

பவழமல்லி கோடையில் இலை உதிர்க்கிற மரம். ஆகையால் அது மொட்டையாக நின்றதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எலுமிச்சை பூவெடுத்தது. கறிவேப்பிலை கொழுந்து விட்டது. என் தோட்ட நிர்வாகத்தைப் பற்றி எனக்கே கொஞ்சம் கர்வம் உண்டாகிவிட்டது. ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ தோன்றிப் பவழமல்லியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே சுரண்டினேன். அங்கேயும் பழுப்பு. சின்னக் கிளை ஒன்றை வளைத்ததும் சுள்ளி மாதிரி முறிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் ஒரு முழு வாளி! கரையானா? உப்பா? புயலில் பிளந்த இடத்தில் நோய் கண்டுவிட்டதா? அத்தையைக் கேட்டேன். "வயசான மரம்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் என்ன வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் செம்பரம்பாக்கத்துக்குப் போயிருந்தேன். கண்ணுக்கெட்டிய வரை வெடித்த களிமண். ஒரு பிளவில் என் கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. 2015 டிசம்பரில் இதே ஏரி நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை வீடுகளில் வெள்ளம் புகுந்ததை எழுதினவளும் நான்தான். நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு மேலே அப்போது எத்தனை அடித் தண்ணீர் இருந்திருக்கும் என்று யோசித்தபடி நின்றேன். வெய்யில் தாங்கவில்லை. ஆபீசுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். மணி மூன்று இருக்கும்.

பக்கவாட்டுச் சந்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குடம். அவருடைய மூத்த பெண்ணின் இடுப்பில் ஒரு சின்னக் குடம். கிணற்றடியில் அத்தை காலி வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அக்கா தயங்கினார். குடத்தை இறக்கிவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"நீ போம்மா. லாரி வந்துடப் போகுது" என்று அத்தை அவரை அனுப்பிவிட்டார்.

நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கிற வரை இருவரும் பேசவில்லை.

"எத்தனை நாளாக?" என்று கேட்டேன்.

"நீ அன்றைக்கு ராத்திரி கேட்டாயே, அதற்கு மறுநாளிலிருந்து."

"அது மாமா வைத்த மரம், அத்தை."

"அவர் வைத்தாரா? குழி தோண்டினதே நான்தான். அவர் பக்கத்தில் நின்று, 'இன்னும் ஆழம், இன்னும் ஆழம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்."

அத்தை சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே? எலுமிச்சைத் தண்ணீரில் பாதி, கறிவேப்பிலையில் பாதி என்று கொடுத்திருக்கலாம்."

"அதற்குத்தான் சொல்லவில்லை. நீ எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரிப்பாய். மரமும் நிற்காது, அவள் வீட்டுக்கும் காணாது."

"அப்படியானால் எலுமிச்சையை விட்டிருக்கலாம். பவழமல்லியைத்தானா?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். "எலுமிச்சை நீ வைத்தது. கறிவேப்பிலை வீட்டுக்கு வேண்டும். வாழை குழந்தையுடையது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இன்னொருத்தருடையதை எடுத்து நான் எப்படிக் கொடுப்பது?" என்றார். தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் செம்பரம்பாக்கத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். நல்ல கட்டுரை என்று ஆசிரியர் சொன்னார்.

*

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்த விஷயம். ஜூன் 20-ஆம் தேதி ஒரு சிறு மழை பெய்தது. ஜனங்கள் மாடிக்கு ஓடி நனைந்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்த தண்ணீர். அதைப் பார்த்து எழுதப் போனவர்களில் நானும் ஒருத்தி. ரயிலுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

ஜூலையில் இன்னொரு காரியமும் செய்தோம். 2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம் என்று ஆனபோது எங்கள் மொட்டைமாடியிலிருந்தும் ஒரு குழாய் இறக்கினார்கள். பதினாறு வருஷமாக அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழியை வெட்டிப் பார்த்தால் கூழாங்கல்லும் மணலும் ஒரே கட்டியாக இறுகி, நடுவில் என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக் கிரிக்கெட் பந்து ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் கழுவிப் போட்டு, குழாயைக் கிணற்றோடு சேர்த்தோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதாவது குடக் கணக்கில் அறுபது குடம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, ஒவ்வொரு மழைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் குடை பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பது வழக்கமாகிவிட்டது. செப்டம்பரில் உருப்படியான மழை பெய்தது. ஒரு விடியற்காலையில் படுக்கையில் இருந்தபடியே கேட்டேன். 'தொப்!'

மூன்றாவது வாளி, லாரிப் பஞ்சம் தீருகிற வரை தினமும் அக்கா வீட்டுக்குப் போயிற்று. மத்தியானம் ஒளிந்து போகவில்லை, காலையிலேயே போயிற்று. பட்ஜெட் காகிதத்தில் பவழமல்லியை அடித்துவிட்டு அக்கா பெயரை எழுதினேன். அதைப் பார்த்து அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு, "பேரெல்லாம் இன்னாத்துக்குக்கா?" என்றார்.

தென்னை பிழைத்தது. ஆனால் அது பஞ்சத்தை மறப்பதற்கு ரொம்ப நாள் ஆயிற்று. தென்னையில் ஒரு பாளை உள்ளே கருவாகி வெளியே வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். ஆகையால் 2019-ல் பட்ட தாகத்தின் கணக்கை அது 2020-லும் 2021-லும் தீர்த்துக்கொண்டது. மழை கொட்டுகிற போதெல்லாம் குரும்பை குரும்பையாக உதிர்த்தது. ரோஜாக்களில் இரண்டு மிஞ்சின. ஆச்சரியம் என்னவென்றால், குரோட்டன்ஸ் தொட்டிகளில் ஒன்றுகூடப் போகவில்லை. என் கணவர் எப்படிக் காப்பாற்றினார் என்று விசாரித்தேன். ஆபீசிலிருந்து தினமும் தம் குடிநீர் பாட்டிலில் மிச்சத்தைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்.

பவழமல்லி துளிர்க்கவில்லை. மழை வந்த பிறகாவது அடியிலிருந்து வெடிக்குமோ என்று தீபாவளி வரைக்கும் பார்த்தோம். பிறகு ஆள் வைத்து வெட்டினோம். கேட்டின் பக்கம் சாய்த்துப் போட்டபோதுதான் அடிமரத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். பட்டையெங்கும், முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை, சின்னச் சின்னதாக நகத்தால் சுரண்டின தடங்கள். இரண்டு மூன்றுதான் நான் சுரண்டினவை. மற்றவை நாற்பது ஐம்பது இருக்கும். சில பழையவை, சில நேற்றுச் சுரண்டினவை மாதிரி இருந்தன.

அத்தை அப்போது வீட்டுக்குள் இருந்தார். மரம் வெட்டுகிறவரிடம் அடிமரத்தை முதலில் துண்டு போட்டு எடுத்துப் போய்விடும்படி சொன்னேன்.

அடுத்த தை மாதத்தில், சாலையோரத்து நர்சரியில் 60 ரூபாய் கொடுத்து ஒரு பவழமல்லிக் கன்று வாங்கி வந்தேன். பழைய இடத்தில் வேர்க்கட்டை இருந்ததால் இரண்டடி தள்ளி வைத்தோம். குழி தோண்டினவள் நான். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்றார்.

இப்போது அது மாடி ஜன்னல் உயரம் வந்துவிட்டது. ஆவணியிலிருந்து மார்கழி வரை பூக்கிறது. விடியற்காலையில் அத்தை அடியில் வேஷ்டியை விரிக்கிறார். எழுபத்தாறு வயதாகிவிட்டது, குனிய முடியவில்லை. அக்காதான் வேஷ்டியின் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கித் தட்டில் கொட்டுகிறார். பாதி பூஜைக்கு, ஒரு கைப்பிடி அக்காவின் பெண்களுக்கு.

"என்ன இருந்தாலும் பழைய மரத்து வாசனை இதற்கு இல்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டே அத்தை தட்டை முகத்தருகில் கொண்டுபோகிறார்.